அப்டேட் அனுப்பியாச்சு, போய்ச் சேர்ந்ததா?

எங்கள் நிறுவனத்தில் விண்டோஸ் அப்டேட்டை ஒரே இடத்திலிருந்து அனுப்பலாம் என்று முடிவானபோது அதற்கென்று பட்ஜெட் எதுவும் கிடையாது. கைவசம் இருந்த விண்டோஸ் சர்வரிலேயே டபிள்யூசஸ்ஸைப் (WSUS: அப்டேட்டுகளை ஒரே இடத்தில் இறக்கி மற்ற கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்கும் மைக்ரோசாஃப்ட்டின் வசதி) போட்டேன். அதுவரை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானே இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தது. மாதாந்திர பேட்ச், அதாவது ஓட்டைகளை அடைக்கும் அப்டேட், இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நமக்கு ராத்திரி பத்தரைக்கு மேல் வரும். புதன் காலையில் லைன் படுத்துவிடும்.

எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங் கொடுக்கும் குரூப் பாலிசியில் சர்வர் முகவரியை 8530 போர்ட்டோடு கொடுப்பதெல்லாம் சின்ன வேலை. அப்புறம்தான் தலைவலி. டபிள்யூசஸ்ஸின் நிர்வாகத் திரையான கன்சோலில் பாதி கம்ப்யூட்டர்களைக் காணோம். சர்வரிடம் வந்து கேட்கும் இடைவெளியே 22 மணி நேரம் என்பதால் முதலில் பொறுத்துப் பார்த்தேன். எண்ணிக்கை ஏறவில்லை, ஆனால் பெயர்கள் மாறின. காலையில் அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டர் இருந்த வரியில் மதியம் ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது.

விஷயம் இதுதான். சப்ளை செய்தவர்கள் ஒன்றில் விண்டோஸ் போட்டு, சிஸ்பிரெப் (நகல் எடுக்குமுன் அந்தக் கம்ப்யூட்டருக்கே உரிய அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவி) செய்யாமல் அந்த டிஸ்க்கையே மற்றவற்றுக்கும் குளோன் எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரியில் இருக்கும் சஸ்கிளையன்ட்ஐடி என்ற அடையாள எண்ணும் அப்படியே நகலாகியிருந்தது. சர்வர் ஆளை அறிவது அந்த எண்ணை வைத்துத்தான். ஒரே ரேஷன் கார்டோடு தெருவே வரிசையில் நின்றால் கடைக்காரர் என்ன செய்வார்? அப்டேட் சர்வீஸை நிறுத்தி, அந்த எண்ணையும் அதன் பக்கத்தில் இருக்கும் வேலிடேஷன் மதிப்பையும் அழித்து, சர்வீஸை மறுபடி ஓடவிட்டால் புது எண் பிறக்கும். இதை ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்டாகப் போட்டேன். ஒருமுறை மட்டும் ஓடும்படி எழுதுவது முக்கியம்; இல்லாவிட்டால் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு புது எண் வரும்.

அப்டேட்டை எல்லாருக்கும் அனுப்புமுன் சில கம்ப்யூட்டர்களில் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக் குழுவில் ஐடி ஆட்களை மட்டும் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாங்கள் பிரிண்ட் எடுப்பதே அபூர்வம். 2021 ஆகஸ்ட் பேட்ச்சுக்குப் பிறகு பிரிண்டர் டிரைவர் போட அட்மின் அனுமதி வேண்டும் என்று ஆனது. அது முதலில் தெரியவருவது பில் அடிக்கும் மேஜையில்தான். எனவே டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், டாட் மேட்ரிக்ஸ் எல்லாம் புழங்கும் கம்ப்யூட்டர்களை முதல் குழுவில் சேர்த்தேன். அங்கே ஒரு வாரம் சத்தமில்லாமல் போனால் மற்றவர்களுக்கு அப்ரூவ்.

ரீஸ்டார்ட்டை ராத்திரி 2 மணிக்கு வைப்பது எல்லாரும் சொல்லும் யோசனை. எங்கள் செக்யூரிட்டி அண்ணன் ஏழு மணிக்கே மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, நிர்வாகத்தின் உத்தரவு. ஆகவே சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினேன். கூடவே பாலிசியில் ஒரு கெடுவும் வைத்தேன்: அதுவரை தள்ளிப்போடலாம், தாண்டினால் தானாக ரீஸ்டார்ட் ஆகும். முதல் மாதம் போன் மேல் போன். “தம்பி, வவுச்சர் போட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார் அக்கவுன்ட்ஸ் சார். சேவ் பண்ணிவிட்டு டீ குடிக்கப் போகச் சொன்னேன்.

டபிள்யூசஸ்ஸுக்கு இனி புது வசதிகள் வராது என்று 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. ஆனாலும் சப்போர்ட் தொடர்வதால் இப்போதைக்கு மாற்றவில்லை. பழைய அப்டேட்டுகளை டிக்ளைன் செய்து (வேண்டாம் என்று ஒதுக்கி) கிளீனப் ஓட்டுவதை மட்டும் மாதாமாதம் விடுவதில்லை. விட்டால் கன்சோல் திறக்கவே அடம்பிடிக்கும்.