ஈ கட்டும் மேசையிலிருந்து: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 4

தூண்டில் முள்ளில் இறகு, நூல், கம்பி முதலியவற்றைக் கட்டிப் பூச்சியைப் போலச் செய்யும் செயற்கை இரைதான் ஈ; இன்று மாலை முழுவதும் ஃபிராங்க் சாயரின் இளம்பூச்சி ஈக்களைக் கட்டினேன். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலராக நெடுங்காலம் பணியாற்றிய சாயர், நீருக்கடியில் மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பூச்சிகள் எவ்வாறு நீந்துகின்றன என்பதைக் கூர்ந்து கவனித்து உருவாக்கிய ஈ இது. இதற்கு வேண்டிய பொருள்கள் இரண்டுதான்: ஃபெசன்ட் சேவலின் வால் இறகு இழைகள் சில, மயிரிழை போன்ற செம்புக் கம்பி. நூலே தேவையில்லை. முதலில் கம்பியைத் தூண்டில் முள்ளின் மேல் சுற்றி, மார்புப் பகுதி வரும் இடத்தில் சற்றே புடைக்கச் செய்ய வேண்டும். பிறகு இழைகளின் நுனிகளை வாலாக நிறுத்தி, எஞ்சிய நீளத்தைக் கம்பியோடு சேர்த்து முறுக்கி, முன்னோக்கிச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நனைந்ததும் பழுப்பு இழைகளின் ஊடே செம்பு மங்கலாக மினுங்குகிறது. நீந்தும்போது இளம்பூச்சி தன் கால்களை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்வதைச் சாயர் கண்டிருந்ததால், இந்த ஈக்குக் கால்கள் வைக்கவில்லை.

ஈயை நீருக்குள் இறக்குவதற்குச் செம்பின் எடையே போதும் என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சம். அன்னங்கள் ஈயக்குண்டுகளை விழுங்கி நஞ்சேறி இறந்ததால்தான் இங்கிலாந்தில் 1987ஆம் ஆண்டு பெரும்பாலான ஈயத் தூண்டில் எடைகளுக்குத் தடை வந்தது. எடைக்கு எந்த உலோகத்தைச் சுற்றுகிறோம் என்பதும் அறம் சார்ந்த முடிவே. அதை நாம் ஆற்றுக்குப் புறப்படும் முன்னரே, இந்த மேசையில் அமர்ந்துதான் எடுக்கிறோம்.

மார்ச் 9

இளம்பூச்சி ஈயைக் கொண்டு மீன் பிடிப்பதே முறையற்றது என்று ஒரு காலத்தில் கருதினார்கள். ஆங்கில மீன்பிடி எழுத்தாளர் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்டும் அவரைப் பின்பற்றியவர்களும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை ஆறுகளில் வகுத்த நெறி கண்டிப்பானது. மேற்பரப்புக்கு எழுந்து இரை கொள்ளும் மீனைக் கண்ணால் காண வேண்டும்; அது அப்போது உண்ணும் பூச்சியைப் போன்ற ஈயையே கட்ட வேண்டும்; அந்த ஈ நீரின் மேல் மிதந்து வர வேண்டும். இட்சன் ஆற்றில் மீன் பிடித்த வழக்கறிஞர் ஜி. இ. எம். ஸ்கூஸ், பிடித்த டிரவுட் மீனின் இரைப்பையில் இருந்தவற்றைக் கரண்டியால் எடுத்து நீரில் விட்டுப் பார்த்தார். பெரும்பாலும் இளம்பூச்சிகளே கிடந்தன. நீருக்குள் உண்ணும் மீனுக்கு நீருக்குள்ளேயே ஈயைக் காட்டுவதில் என்ன தவறு என்று அவர் கேட்டார். இந்தக் கருத்து மோதல் 1938இல் லண்டனின் ஈத்தூண்டில் மன்றத்தில் ஒரு விவாதமாகவே நடந்தது. ஸ்கூஸ் அப்போது எண்பது வயதை நெருங்கியிருந்தார்.

அந்த விவாதம் முழுவதும் மீன் பிடிப்பவரின் கண்ணியத்தைப் பற்றியதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஈ மிதந்தாலும் மூழ்கினாலும் மீனின் உதட்டில் ஏறும் முள் ஒன்றுதான். ஆயினும் ஹால்ஃபோர்டின் நெறியை நான் முற்றாக ஒதுக்கிவிட மாட்டேன். ஒரு குறிப்பிட்ட மீனைத் தேர்ந்து, அதன் அளவை மதித்து, சிறியதானால் விட்டுவிட்டு, தக்க மீன் எழும் வரை காத்திருப்பவர் இயல்பாகவே குறைவான மீன்களைத் துன்புறுத்துகிறார். மிதக்கும் ஈயின் உயர்வாகச் சொல்லப்படுவதில் எனக்கு உண்மையாகப் படுவது இந்தக் கட்டுப்பாடு மட்டுமே.

மார்ச் 15

முள்ளின் நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கும் வேலையை ஈ கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுகிறேன். நொறுங்கக்கூடிய முள்ளாக இருந்தால், ஈயைக் கட்டும் முன், வெறும் முள்ளாக இருக்கும்போதே உடைந்துபோகும். எதிர்முள் இல்லாததால் சாகும் மீன்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை என்று காட்டிய ஆய்வுகள் உள்ளன. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மீன் எங்கே தைக்கப்படுகிறது என்பதே பெரிதும் முக்கியம்: ஈ பெரும்பாலும் வாயின் ஓரத்தில் தைக்கிறது, விழுங்கப்பட்ட உயிரிரையோ தொண்டைக்குள் சென்றுவிடுகிறது. இருந்தும் எதிர்முள் இல்லாத முள் நீருக்குள்ளேயே ஒரு திருப்பில் கழன்றுவிடுகிறது, மீனைக் கையில் எடுக்க வேண்டியதே இல்லை. எனக்கு அந்தக் காரணம் போதும்.

மார்ச் 23

இறகுகளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. விக்டோரியா காலத்துச் சால்மன் ஈக்கள், சொர்க்கப் பறவை, கொட்டிங்கா போன்ற தொலைதூரக் காடுகளின் பறவைகளைக் கொண்டு கட்டப்பட்டன. சால்மன் அந்த வண்ணங்களைக் கேட்கவில்லை. கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பியபின் அது இரை உண்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடும் மீன். சாயமேற்றிய வீட்டுக்கோழி இறகில் கட்டிய ஈயையும் அது தாக்குகிறது. ஆக, அந்த அரிய இறகு மனிதக் கண்ணுக்காக மட்டுமே.

அந்த ஆசை எதுவரை போகும் என்பதை 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் காட்டியது. இங்கிலாந்தின் டிரிங் ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் இயற்கையியலாளர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவையும் அவற்றுள் இருந்தன. ஈ கட்டுவதில் தேர்ந்த ஓர் இளைஞர் செய்த திருட்டு அது. இறகுகள் ஈ கட்டுபவர்களுக்கே விற்கப்பட்டன. மீட்கப்பட்ட தோல்கள் பலவற்றில், பிடித்த இடமும் நாளும் எழுதிய சீட்டுகள் இல்லை. சீட்டை இழந்த தோலுக்கு அறிவியலில் ஏறத்தாழ மதிப்பே இல்லாமல் போகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சினமே வருகிறது.

சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகும் இந்தக் கணக்கில் சேரும். ஒவ்வோர் இறகிலும் மெழுகு பூசியதுபோல் மின்னும் வெண்மஞ்சள் பொட்டுகளைச் சால்மன் ஈயின் கன்னத்தில் கண்ணாக வைப்பது மரபு. இந்தியாவின் பறவையான இதற்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காப்பு அளிக்கிறது. சந்தையில் முறையாகக் கிடைப்பவை பண்ணையில் வளர்த்தவற்றின் இறகுகள். எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் காட்டப்படாத இறகை நான் வாங்குவதில்லை. அந்தப் பொட்டுக்குப் பதிலாக வண்ணம் தீட்டிய வாத்து இறகை வைக்கிறேன்.

ஏப்ரல் 18

வானவில் டிரவுட் முட்டையிடும் பருவம் இது. ஆற்றுப்படுகையில் சரளைக் கற்கள் வெளிறிக் கிடக்கும் இடங்களைப் பெண் மீன்கள் வாலால் தோண்டி வைத்திருக்கின்றன. அங்கே கால் வைப்பது முட்டைகளை நசுக்குவதாகும். முட்டை வடிவ ஈயை ஏமாற்று வேலை என்று இகழ்பவர்கள் பலர் உண்டு. மீன் உண்ணும் பொருளைப் போல ஈயைச் செய்வது ஏமாற்றென்றால் எல்லா ஈயும் ஏமாற்றுதான். அந்தக் குழிகளின் மேல் நிற்கும் மீனுக்கு எந்த ஈயையும் வீசக் கூடாது என்பதே என் எல்லை.

ஜூலை 20

நண்பகலுக்குள் நீரின் வெப்பநிலை 20 டிகிரியைத் தொட்டது, தூண்டிலைச் சுருட்டிவிட்டேன். பத்து டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். இருபது டிகிரியில் அது 9 அளவுக்குக் குறைகிறது. அதே வேளையில் மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கூடுகிறது. போராடிக் களைத்த மீனைக் காற்றில் தூக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். 1992இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையாகக் களைக்கவைத்த வானவில் டிரவுட்டுகளை ஒரு நிமிடம் காற்றில் வைத்தபோது, பன்னிரண்டு மணி நேரத்துக்குப்பின் 28 சதவீதமே பிழைத்திருந்தன. காற்றில் வைக்கப்படாதவற்றில் 88 சதவீதம் பிழைத்தன. ஆய்வகத்தில் கடுமையான நிலைமையில் கண்ட எண்கள் இவை. ஆற்றில் இழப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் புகைப்படத்துக்காக மீனை உயர்த்திப் பிடிக்கும் பழக்கத்தை நான் கைவிட இது போதுமானதாக இருந்தது. மிக மெல்லிய தூண்டில் நரம்பும் இதே காரணத்தால் எனக்கு உடன்பாடில்லை. அது அறுந்துவிடுமோ என்ற அச்சத்திலேயே மீனை நீண்ட நேரம் களைக்கவைக்கிறோம்.

ஆகஸ்ட் 2

மீண்டும் நீரில் விடுவதற்காகவே மீனைப் பிடிப்பது சரியா? 2003இல் ஆய்வாளர் லின் ஸ்னெடனும் உடன் ஆய்ந்தோரும் டிரவுட்டின் தலையில் ஊறுணர் நரம்புகளை, அதாவது உடலுக்கு நேரும் ஊறை உணரும் நரம்புகளைக் கண்டறிந்தார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் சரளையில் உதட்டைத் தேய்த்தன, நெடுநேரம் உணவைத் தொடவில்லை. மீனின் மூளையில் புறணி என்னும் வெளியடுக்கு இல்லை, எனவே அது வலியாகாது என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மறுப்பில் என் முள்ளை மறைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. விடும் நோக்கத்துடனேயே மீன் பிடிப்பதைச் சுவிட்சர்லாந்து 2009 முதல் தடுத்துள்ளது. பிடித்தால் உண்ணுவதற்காகப் பிடி என்ற அந்த வாதத்துக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனால் மீன்கள் குறைந்துவிட்ட ஆற்றில், பிடித்ததையெல்லாம் கொல்வது அந்த ஆற்றையே வெறுமையாக்கும் என்பதும் உண்மை.

ஆகவே இந்தப் பருவத்துக்கு இவ்வாறு முடிவு செய்திருக்கிறேன்: மீன்கள் செழித்து, எடுப்பதற்கு அனுமதியும் உள்ள நீரில் முதலில் கிடைக்கும் தக்க மீனை உடனே கொன்று உணவுக்கு எடுத்துக்கொண்டு, அன்றைய தூண்டிலை அத்துடன் நிறுத்துவேன். மீன்கள் அருகிய நீரில் இரண்டோ மூன்றோ மீன்களோடு நிறுத்திவிட்டு, மீதி நேரத்தில் கற்களைப் புரட்டி இளம்பூச்சிகளைப் பார்ப்பேன்; அடுத்த ஈயைக் கட்ட அந்த அறிவும் வேண்டும்.