முழுச் சுற்று

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கிய சின்னச் சாமான் என்றால் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றித்தான் வரும். அந்தப் பையன் நீட்டியதும் அப்படித்தான். பிரித்துப் பார்த்தேன்: சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பித்தளைத் துண்டு. ஹோஸ் செருக இரண்டு மூக்கு, தலையில் ஒரு திருகு, திருகைப் பூட்ட ஒரு நட்.

"அண்ணை, இதைப் பூட்டி ஒரு பார் வைத்துத் தாருங்கள்" என்றான்.

வாசலில் நின்றது ஸ்டார்லெட் ஜி.டி. டர்போ. 1,331 சி.சி., புதிதாக வந்த காலத்தில் 135 குதிரைவலு. ஓட்டி வந்தவனைவிட வண்டிக்கு வயது அதிகம்.

டர்போ என்பது எஞ்சின் புகையால் சுழன்று, காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் திணிக்கும் விசிறி. அந்த அழுத்தம்தான் பூஸ்ட், அதைப் பார் என்ற அலகில் அளப்போம். பையன் கொண்டுவந்தது கையால் திருப்பும் பூஸ்ட் கன்ட்ரோலர். அது காற்றை அழுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது எதையும் அழுத்துவதில்லை. டர்போவின் வாயிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ், வேஸ்ட்கேட் என்ற புகைக் கதவை அசைக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகிறது. அழுத்தம் ஏறியதும் ஆக்சுவேட்டர் தன் ஸ்பிரிங்கை மீறித் தண்டைத் தள்ளும், வேஸ்ட்கேட் திறக்கும், புகையில் ஒரு பங்கு டர்பைனைத் தொடாமலே சைலன்சர் பக்கம் போய்விடும். பூஸ்ட் அந்த அளவில் நிற்கும். இந்தப் பித்தளைத் துண்டு அந்த ஹோஸின் நடுவில் உட்கார்ந்து, ஒரு எஃகுக் குண்டாலும் ஸ்பிரிங்காலும் வழியை மறிக்கிறது. குண்டு எழும்பும்வரை ஆக்சுவேட்டருக்குச் செய்தி போகாது. கடன்காரர் வாசலில் நிற்பதை அப்பாவிடம் சொல்லாமல் மறைக்கும் பிள்ளையின் வேலைதான் இது. திருகை இறுக்க இறுக்க மறைப்பு நீளும்.

நான் தொழில் பழகியது கிராண்ட்பாஸில். அங்கே பெரியவரைத் தமிழரும் சிங்களவரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய சொந்தப் பெயரை நான் அறியவே ஒரு வருடம் ஆயிற்று. முதன்முதலாக இப்படி ஒன்றை என்னிடம் தந்து பூட்டச் சொன்னபோது, ஆக்சுவேட்டர் பக்கத்து மூக்கின் அடியில் ஊசி முனை அளவு ஓட்டை ஒன்று இருப்பதைக் கண்டேன். வார்ப்பில் வந்த பிழை என்று முடிவுகட்டி, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, சிலிக்கன் பசையால் அடைத்துவிட்டேன்.

தெருவில் முதல் இழுப்பு அபாரம். கியர் மாற்றி மறுபடி மிதித்தால் வண்டி சோர்ந்து போகிறது. நிறுத்தி, பிளேன்டீ குடித்துவிட்டு வந்து மிதித்தால் மறுபடியும் அபாரம். அடுத்த கியரில் மறுபடியும் சோர்வு. இரண்டு நாள் சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, டர்போக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களில் கசிவு தேடினேன். மூன்றாம் நாள் பாஸ் அந்தத் துண்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "இதற்கு ஒரு கண் இருக்க வேண்டுமே, எங்கே?" என்றார். சொன்னேன். அவர் திட்டவில்லை. தைக்கிற ஊசி ஒன்றை எடுத்துத் தந்து, "அடைத்தவனே திற" என்று மட்டும் சொன்னார்.

குண்டைத் தாண்டிப் போன காற்று, மிதித்த காலை எடுத்ததும் வெளியேறுவதற்கு அந்தக் கண் ஒன்றுதான் வழி. அதை அடைத்தால் அழுத்தம் ஆக்சுவேட்டருக்குள்ளேயே சிறைப்படும், வேஸ்ட்கேட் மூடாது. நான் பிளேன்டீ குடித்த நேரத்தில் அது எங்கோ மெல்லக் கசிந்து வடிந்திருக்கிறது.

பையனின் வண்டிக்கு வருவோம். பூட்டுவது அரை மணி நேர வேலை. கம்பனி வைத்த மின் வால்வை விலக்கிவிட்டு, டர்போவின் மூக்கிலிருந்து கன்ட்ரோலருக்கு ஒரு ஹோஸ், அங்கிருந்து ஆக்சுவேட்டருக்கு இன்னொன்று. இரண்டு ஹோஸுக்கு நான்கு முனை. நான்கிலும் கிளிப் போடாமல் நான் பொனட்டை மூடுவதில்லை. பொரளைச் சந்தியில் வாகன நெரிசலில் ஊர்ந்தே வெந்த ரப்பர், சில மாதத்தில் பிஸ்கட் போல மொறுமொறுத்துவிடும். ஒரு முனை கழன்றால் ஆக்சுவேட்டருக்குச் செய்தியே போகாது. பூஸ்ட் ஏறிக்கொண்டே இருக்கும். பூஸ்ட் மீற்றருக்கான குழாயை மட்டும், எஞ்சினுக்குள் காற்று நுழையும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து எடுத்தேன்.

சரிபார்க்க விடியற்காலை ஐந்து மணிக்குக் கட்டுநாயக்க அதிவேகப் பாதைக்குப் போனோம். அவன் ஓட்டினான், நான் மீற்றரைப் பார்த்தேன். ஓட்டுகிறவன் மீற்றரைப் பார்க்க நான் விடுவதில்லை. திருகை முழுவதும் தளர்த்திய நிலையில் மூன்றாம் கியரில் 0.45 பார். அதிவேகப் பாதையில் வண்டியை நிறுத்தித் திருகு திருப்ப முடியாது. ஜா-எலவில் இறங்கி, அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி ஏற வேண்டும். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு கட்டணச் சீட்டு. 0.53. பிறகு 0.61. அதன்பின் நான்காம் கியரில் பார்த்தேன். அங்கே சுமை கூட, இழுக்கும் நேரமும் கூட. அதனால் முள் மேலும் கொஞ்சம் ஏறும். கடைசி எண்ணை எப்போதும் அங்கேதான் எடுக்க வேண்டும். 0.7 வந்ததும் நட்டைப் பூட்டினேன்.

"ஒரு பார் என்றுதானே சொன்னேன்?"

"சொன்னாய்."

கம்பனி தந்த உச்சமே ஏறக்குறைய 0.65. இந்தச் சின்ன டர்போவை அதற்கு மேல் வெகுதூரம் விரட்டினால் காற்றைவிடச் சூடுதான் அதிகம் வரும். பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர் பழையது, அதை ஆளும் கம்பியூட்டர் பழையது, தாங்கியில் இருப்பது சாதாரண 92 ஒக்டேன் பெற்றோல். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து ஐந்து வருடம் நாம் பட்ட பாடும் என் நினைவில் இருந்தது. உடைந்த வண்டிக்குப் பதில் வண்டி கிடையாது. 2022இல், பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூ.ஆர். காட்டி வாரம் 20 லீற்றர் வாங்கிய நாட்களில், திருகைத் தளர்த்தித் தரச் சொல்லி ஒருவர் வந்தார், பெற்றோல் மிச்சமாகுமாம். காலைத் தளர்த்தினால் போதும் ஐயா என்று அனுப்பிவைத்தேன்.

பூட்டிய பிறகு மகளின் சிவப்பு நகப்பூச்சால் திருகின் தலையிலிருந்து நட்டுக்கு ஒரு கோடு இழுப்பது என் வழக்கம். நட்டுக்கு மேல் எத்தனை மரை தெரிகிறது என்பதையும் கொப்பியில் எழுதிவைப்பேன். அவனுடையதில் ஐந்து.

நான்கு மாதம் கழித்து வந்தான். மேட்டில் மிதித்தால் யாரோ பிரேக் பிடித்தது போல வண்டி வெட்டுகிறது என்றான். பூஸ்ட் எல்லை மீறினால் கம்பியூட்டர் பெற்றோலை நிறுத்தும். அந்த வெட்டு எனக்குத் தெரியும். பொனட்டைத் திறந்தேன். சிவப்புக் கோடு நேராகவே இருந்தது. நடுவில் மட்டும் தலைமயிர் அளவு வெடிப்பு. மரையை எண்ணினேன், நான்கு. கோடு பிசகாமல் இருக்க, பையன் சரியாக ஒரு முழுச் சுற்று இறுக்கியிருக்கிறான். கெட்டிக்காரன்தான்.

"தொட்டாயா?"

"அதிர்வில் இறுகியிருக்கும் அண்ணை."

பதில் சொல்லாமல் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி டியூப்லைட்டுக்குக் கீழே அவன் கையில் கொடுத்தேன். வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள். அவற்றுக்கிடையே மினுங்கும் இரண்டு துகள், பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அவன் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பிறகு, நான் கேட்காமலே டோர்ச்சை எடுத்து எனக்கு வெளிச்சம் பிடித்தான். ஒரு முழுச் சுற்றுத் தளர்த்தி நட்டைப் பூட்டினேன். மகளின் சிவப்புப் போத்தல் காய்ந்து போயிருந்ததால், இந்த முறை ஊதா நிறத்தில் கோடு போட்டேன்.