அரசலாற்றில் நான்கு ஞாயிறு

ஆற்றோரத் தட்டானையும் பூச்சிகளையும் பார்க்க, பழைய கயாக் (துடுப்புப் போடுகிற சின்னப் படகு) ஒன்று வாங்கினேன். காற்றடித்து ஓட்டுகிற ரகம். மழைக்காலம் முழுக்க அது மொட்டைமாடியில் கிடந்தது. மார்கழியில் தண்ணீர் தணிந்த பிறகுதான் கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு படித்துறையில் இறக்கத் துணிந்தேன். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள். அதற்குள் பார்த்தவரை லாபம்.

முதல் ஞாயிறு வெறும் உடற்பயிற்சி. தண்ணீர்ப் போக்கிலேயே வேகமாகத் துடுப்புப் போட்டு, திரும்பும்போது எதிர்நீச்சலில் கை ஓய்ந்துபோனது. பூச்சி ஒன்றுகூட நினைவில்லை. இரண்டாவது வாரம் கரையில் சாய்ந்திருந்த சீமைக் கருவேல முள் குத்தி, காற்று இறங்கிவிட்டது. உயிர்காப்பு உடுப்பு போட்டிருந்ததால் பயமில்லை. கயாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்ததைப் பார்த்தவர்கள்தான் சிரித்தார்கள்.

மூன்றாவது ஞாயிறு முறையை மாற்றினேன். முதலில் எதிர்த்திசையில் ஏறிவிட்டு, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் இழுத்த இழுப்புக்கு வந்தேன். நிற்க வேண்டுமென்றால் நாணலைப் பிடித்துக்கொள்வது. (கையுறை வேண்டும்; நாணல் இலை பிளேடு மாதிரி அறுக்கும்.) கரைமேல் நடக்கும்போது முட்புதராகத் தெரிகிற நீர்முள்ளி, ஆற்றிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு நேரே நிற்கிறது. கணுவைச் சுற்றி எண்ணினேன், ஆறு முள். நடுவே ஊதாப் பூக்கள். பூவுக்குள் தலையைவிட்ட தேனீக்கு ஒரு முள்கூடப் படவில்லை. நெய்வேலிக் காட்டாமணக்கில் கருவண்டு வேறு ஜாதி: அகன்ற வாய் திறந்திருக்க, உள்ளே போகாமல் பூவின் அடிப்பக்கத்தைக் கீறித் தேனைக் குடித்துவிட்டுப் போகிறது. மகரந்த வேலை எதுவும் செய்யாத திருட்டு.

அப்புறம் ஓர் ஆகாயத்தாமரைத் திட்டில் ஒதுங்கினேன். ஆற்றை அடைக்கிற சனியன் என்று நானும் அதைத் திட்டுகிறவன்தான். அதன் காம்பில் நீல ஊசித்தட்டான் ஜோடி ஒன்று. பெண் வாலை வளைத்துத் தண்ணீருக்குள் விட்டு, காம்பின் தோலைத் துளைத்து முட்டையைச் செருகிக்கொண்டிருந்தது. ஆண் தன் வால்நுனியால் அதன் கழுத்தைப் பிடித்தபடி, காலைக்கூட எங்கும் ஊன்றாமல், குச்சி நட்டதுபோல் மேலே நேராக நின்றது. பெண் ஓர் அங்குலம் நகரும். மறுபடி வால் வளையும். இருபது நிமிடம் பார்த்தேன், கால் மரத்துப்போயிற்று. போட்டோ எடுக்கக் கையைத் தூக்கினேன், நிழல் விழுந்தது, ஜோடியாகவே பறந்துவிட்டன. இனி வெயிலுக்கு எதிர்ப்பக்கமிருந்துதான் ஒதுங்க வேண்டும்.

நாலாவது வாரம் தண்ணீர் குறைந்து இரண்டு இடத்தில் மணலில் தட்டியது. ரோஸ் கலந்த சிவப்பில் ஒரு தட்டான், ஒரே கோரை நுனிக்குப் பதினோரு முறை திரும்பி வந்து உட்கார்ந்தது. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா விசாரித்தார்.

“மீன் பிடிக்கவா தம்பி?”

“இல்லைங்கம்மா, தட்டான் பார்க்க.”

“அதுக்கா இதைத் தூக்கிக்கிட்டு வர்றீங்க? எங்க வயல்ல வந்து பாருங்க, மொய்க்குது. அறுப்புக்கு முன்னாடி வந்துடுங்க.”