ரயில்வே கேட் பாடத்துக்கு ஒரு கயிறு போதும்

காரைக்குடி, கல்லல், தேவகோட்டை ரஸ்தா பக்கம் பள்ளிகளில் ரயில் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் 28 மீட்டர் கயிறு ஒன்று கொண்டுபோங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் ரயில் ஒரு வினாடியில் கடக்கும் தூரம் அது. மைதானத்தில் விரித்துக் காட்டினால், 'தூரத்துலதானே வருது' என்ற பேச்சு அடங்கிவிடும். நேர் எதிரே வரும் பெரிய உருவத்தின் வேகம் கண்ணுக்குக் குறைவாகவே தெரியும். அங்கேதான் கணக்குத் தப்புகிறது.

பெரியவர்களுக்கு டூவீலரில் கேட்டைக் கடக்கும் பாடம்தான் முக்கியம். தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் டயர் சிக்குவது சாய்வாகக் கடக்கும்போதுதான். நேர்குறுக்காக, நடுவில் கியர் மாற்றாமல் கடக்கச் சொல்லுங்கள்.

வண்டி தண்டவாளத்தின் மேல் நின்றுவிட்டால் முதலில் எல்லோரும் இறங்க வேண்டும், சாமான் கிடக்கட்டும். கேட்கீப்பருக்கு உடனே சொல்ல வேண்டும். ரயில் நெருங்கிவிட்டதா? அது வரும் திசை நோக்கியே, பாதையை விட்டு விலகிச் சாய்வாக ஓடவேண்டும். எதிர்ப்பக்கம் ஓடினால், மோதிச் சிதறும் துண்டுகள் அந்தப் பக்கம்தான் பறக்கும்.

வைக்கோல் பாரம் ஏற்றுகிறவர்களிடம் தனியாகப் பேசுங்கள். மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். கேட்டுக்கு முன்னால் இருக்கும் உயரத் தடுப்பில் பாரம் இடித்தால், வண்டியைத் திருப்பிவிடுவதுதான் வழி.