ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளை

போன மாதம் அம்மாவின் ஈயச்சொம்பை உருக்கிவிட்டேன். புளித்தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினால், அடுப்புத் தட்டில் பாதரசம் மாதிரி ஒரு குட்டை, சொம்பின் கழுத்து மட்டும் அதில் சாய்ந்து கிடக்கிறது. ஈயச்சொம்பு செய்கிற வெள்ளீயம் (tin) 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு 100-ஐ ஒட்டியே நிற்பதால்தான் சொம்பு பிழைக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ரசமும் வைக்கவில்லை.

ஆறியதும் சுரண்டியெடுத்த கட்டியைக் காயலான் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கையில் தூக்கிப் பார்த்து, "பேட்டரி ஈயம் ரேட்டுதான் சார்" என்றார்.

"அது காரீயம், இது வெள்ளீயம்ண்ணே."

"எல்லாம் ஈயம்தான் சார்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நாமே இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துப் புழங்குகிறோம். ஆனால் லண்டன் உலோகச் சந்தையில் 2024-ல் காரீயம் டன் சுமார் 2,000 டாலர், வெள்ளீயம் சுமார் 30,000. பதினைந்து மடங்கு! கட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தால் 440 கிராம். அளவுக் குவளைத் தண்ணீரில் போட்டால் 60 மில்லி ஏறியது, அதாவது அடர்த்தி 7.3, வெள்ளீயத்தின் கணக்குதான். காரீயமாக இருந்தால் 39 மில்லிதான் ஏறியிருக்கும் (கொஞ்சம் கலப்படம் இருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது, அது வேறு விஷயம்). ஓரத்தில் மெல்லிசாக நீண்டிருந்த துண்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து வளைத்தேன், கிறீச்சென்று ஒரு முனகல். வெள்ளீயத்துக்கு உள்ள குணம் அது, காரீயம் சத்தம் போடாமல் வளையும்.

அப்புறம்தான் அந்தப் பழமொழி ஞாபகம் வந்தது, ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. அதே 2024-ல் செம்பு டன் 9,000 டாலர் சொச்சம், துத்தநாகம் 3,000-க்கும் கீழே. இரண்டையும் கலந்து செய்த பித்தளை, தன்னைவிட மூன்று மடங்குக்கு மேல் விலைபோகிற வெள்ளீயத்தைப் பார்த்து எந்தத் தைரியத்தில் இளிக்கிறது? ஒருவேளை அதுவும் காரீயம் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ.

சரி, மேல்தட்டுக்குப் போவோம். அந்த ஆண்டு விலையில் ஒரு கிலோ வெள்ளிக்கு 30 கிலோ வெள்ளீயம் அல்லது 100 கிலோ செம்பு ஈடு. ஒரு கிலோ தங்கத்துக்கு 85 கிலோ வெள்ளி. கிடைப்பது அரிது, அதனால் விலை அதிகம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஆனால் உலகச் சுரங்கங்களில் ஆண்டுக்கு எடுக்கிற வெள்ளி சுமார் 25,000 டன், தங்கம் சுமார் 3,600 டன், ஏழுக்கு ஒன்று. விலை மட்டும் ஏன் எண்பத்தைந்துக்கு ஒன்று? 1792-ல் அமெரிக்கா நாணயச் சட்டம் போட்டபோது 15-க்கு ஒன்று என்றுதான் வைத்தார்கள். 1870-களில் ஜெர்மனி, அமெரிக்கா எல்லாம் வெள்ளி நாணயத்தைக் கைவிட்டதும் வெள்ளி சரிய ஆரம்பித்தது. 2020 மார்ச்சில் இந்த விகிதம் 120-ஐத் தாண்டியது. தங்கத்தை மத்திய வங்கிகள் பெட்டகத்தில் அடுக்கிவைக்கின்றன, வெள்ளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிளாட்டினம் கதை இன்னும் பாவம், 2008-ல் தங்கத்தைப் போல இரண்டு மடங்கு விலைக்குப் போனது, 2015-லிருந்து தங்கத்துக்குக் கீழேதான்.

கட்டியைக் கொடுத்தால் புதுச்சொம்பு விலையில் கழித்துக்கொள்வார்களா என்று பாத்திரக்கடையில் கேட்டிருக்கிறேன். அதுவரை அது பூஜை அலமாரியில், வெள்ளிக் குங்குமச்சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் வைத்தது அம்மாதான்.