எங்கள் சிங்கிளில் பாடிய மீன்

சிங்கிள் வெளிவரப் போகிறது என்று சொன்னதும் அம்மா கேட்டார்: "எத்தின பாட்டு மனே?"

"ஒண்டுதான்."

"ஒரு பாட்டுக்கா எட்டு மாசம்?"

எட்டில் நாலு மாசம் பாட்டின் தொடக்கத்துக்கே போய்விட்டது. மீன்பாடும் தேனாடு என்று பேரெடுத்த மட்டக்களப்பில் இண்டி பாப் பேண்ட் வைத்துக்கொண்டு, மீன் பாடாமல் முதல் பாட்டைத் தொடங்கலாமா? கீபோர்டில் போடலாம் என்றேன். பாடகன் கேட்கவில்லை, அசல் மீன்தான் வேண்டுமாம்.

ஒரு போயா இரவு, அதாவது பௌர்ணமி இரவு, கல்லடிப் பழைய பாலத்தடியில், தோணிக்குள் நாலு பேர். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைத்தால் கேட்கும் என்பது ஊரறிந்த விசயம். பாடுவது மீனில்லை, ஊரி என்ற நத்தைதான் என்பாரும் உண்டு. 1848இல் இங்கே வந்து கேட்ட எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி, வைன் கிளாஸ் விளிம்பை ஈரவிரலால் தேய்த்த மாதிரி இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். எங்களுக்கு ஒன்றரை மணி நேரமாகக் கேட்டது புதுப்பாலத்தில் போன பஸ்ஸும், டிரம்ஸ்காரனின் வயிறும்தான். (கொத்து ரொட்டி வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் அவனைக் கூட்டிப் போயிருந்தோம்.)

"எல்லாரும் போனை சைலன்டில போடுங்கடா" என்றான் பாடகன். போட்டேன். போனைப் பைக்குள் வைத்து, பையைத் தோணிப் பலகையில் வைத்து, துடுப்பை அதன்மேல் சாய்த்துப் பிடித்தேன். மேல்நுனியில் மைக்.

பதினொன்றே முக்காலுக்கு வந்தது. ம்ம்ர்ர்ர்... ம்ம்ர்ர்ர்... கொஞ்சம் இடைவெளி, மறுகா ம்ம்ர்ர்ர்.

"மச்சான், பாடுது!" பாடகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதை இழுத்து, எதிரொலி சேர்த்து, பாட்டுக்கு முன்னால் 34 வினாடி வைத்தோம். பாட்டை ஏற்றுகிற படிவத்தில் யார் என்ன வாசித்தது என்று கேட்டிருந்தது. வாத்தியப் பட்டியலில் மீன் இல்லை, 'மற்றவை' போட்டோம். 2015இலிருந்து உலகமெங்கும் புதுப்பாட்டு வெளிவருவது வெள்ளிக்கிழமைகளில்தான். நல்ல நாள்தான் என்று அம்மாவும் முதல்நாளே மாமாங்கப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

நள்ளிரவு பன்னிரண்டு. வீட்டு ஹாலில் ஸ்பீக்கரைப் போட்டேன். ம்ம்ர்ர்ர்...

"மனே, ஆரோ கோல் எடுக்கிறாங்க. எடுத்துக் கதை."

"அது மீன் அம்மா."

"மீனா? போன் கிடந்து அதிருற சத்தம் எனக்குத் தெரியாதா? அண்டைக்குப் போயா ராவு ஏழு தரம் எடுத்தன், ஒருக்காலும் நீ தூக்கல்ல."

அன்றிரவு வீட்டில் வாங்கிய ஏச்சு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெட்டாத பதிவை முழுசாகப் போட்டு எண்ணினேன். மீன் இடைவெளி விட்டு விட்டு சரியாக ஏழு தரம் பாடியிருந்தது.

பாடகனிடம் இன்னும் சொல்லவில்லை. போகிற இடமெல்லாம் அந்த இரவைப் பற்றிக் கதைக்கிறான்.

அம்மாவும் பாட்டை விடாமல் போட்டுத்தான் பார்க்கிறார். ஆனால் இருபதாவது வினாடியில் "ஆரெண்டு பாப்பம்" என்று நிறுத்திவிட்டுப் போனைத் தேடப் போய்விடுகிறார். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம் கணக்கு. பாடினவரே நாளுக்குப் பத்துத் தரம் போட்டும் எங்களுக்கு ஒன்றுகூட ஏறவில்லை.