வெள்ளி முக்கோணமும் கரி அழுக்கும்

முதல் நாள் எலக்ட்ரான் நுண்ணோக்கி ஸ்கேனில், வெள்ளி நானோ முக்கோணத்தின் முனையில் பிளாஸ்மான் உச்சி (உலோகத்தின் எலக்ட்ரான் கூட்டம் சேர்ந்தாடும் அதிர்வின் ஆற்றல்) 1.6 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் வந்தது. அதே துகளை மறுபடி ஸ்கேன் செய்தேன், இன்னும் கீழே இறங்கியது. மூன்றாவது முறை இன்னும் கொஞ்சம். ஏதோ புதுசாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன்.

வேலை இதுதான்: ஒரு நானோமீட்டர் அளவுக்குக் குவித்த எலக்ட்ரான் கற்றையை வெள்ளி நானோ முக்கோணத்தின்மேல் புள்ளி புள்ளியாக நகர்த்த வேண்டும். கடந்துபோகும் எலக்ட்ரான், உலோகத்தின் எலக்ட்ரான் கூட்டத்தை ஊஞ்சலாட்டிவிட்டு, அதற்கான ஆற்றலை இழந்து வெளியேறும். அந்த இழப்பை அளந்தால் எந்த இடத்தில் எந்த அதிர்வு என்று படமாகவே வந்துவிடும். துகளைத் தொடாமல் ஓரமாகப் போனாலே போதும். எனக்கு இது இன்றும் ஆச்சரியம்தான். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், 78 நானோமீட்டர் பக்கமுள்ள முக்கோணத்துக்கு முனையில் 1.75, விளிம்பில் 2.70, நடுவில் 3.20 எலக்ட்ரான் வோல்ட் என்று காட்டியிருந்தார்கள். என் துகள்களும் ஏறக்குறைய அதே அளவு.

என் ஆய்வகத்து சீனியர் அண்ணன் ஸ்பெக்ட்ரத்தை, அதாவது அந்த ஆற்றல் இழப்பின் வரைபடத்தை, பார்க்கவே இல்லை. "படத்தைப் பாருடா" என்றார். ஸ்கேன் செய்த இடம் மட்டும் கட்டம் கட்டினாற்போல வெளுத்திருந்தது. துகளில் ஒட்டியிருந்த கரிமப் பிசுக்கைக் கற்றை இழுத்துவந்து கரியாகப் படிய வைத்திருக்கிறது. வெற்றிடத்துக்குப் பதில் கரி சூழ்ந்தால் அதிர்வின் ஆற்றல் குறையத்தானே செய்யும்!

சரி, சுத்தம் செய்வோம் என்று ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்னேற்றிய ஆக்சிஜன் வாயுவில்) வைத்தேன். கரி போனது, வெள்ளியும் ஆக்சைடாகிக் கெட்டது. ஒரு வாரத்து சாம்பிள் வீண். அப்புறம் சென்ட்ரிஃபியூஜில் தண்ணீரிலும் எத்தனாலிலும் மாற்றி மாற்றிக் கழுவினேன். அதிகம் கழுவினால் காப்புப் பூச்சும் போய்த் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மூன்று முறையோடு நிறுத்தினேன். சிலிக்கான் நைட்ரைடு சவ்வில் சொட்டுவிட்டு, இரவு முழுக்க வெற்றிடத்தில் மிதமான சூட்டில் வைத்தேன். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் அகலமான கற்றையால் அந்தப் பகுதி முழுவதையும் நனைத்தேன். மிச்சமிருக்கும் பிசுக்கு நகராமல் அங்கங்கே உறைந்துவிடும்.

ஆற்றலை இழக்காத எலக்ட்ரான்களின் பெரிய உச்சி, தன் வாலால் 1.75 பக்கம் வரும் முனையின் சின்ன உச்சியை மறைக்கப் பார்க்கும். துகள் இல்லாத இடத்தில் எடுத்த ஸ்பெக்ட்ரத்தைக் கழித்துச் சமாளித்தேன்.

இந்த முறை முனையில் 1.7 வந்தது. மறுபடி ஸ்கேன் செய்தேன். 1.7. அண்ணன் படத்தைத்தான் முதலில் கேட்டார்.